விளிம்பில் திரும்பும் அலை

பேகம்பூர், திண்டுக்கல்
3.2.2025

திரு. ஞானதாஸ் அவர்களுக்கு,

நலம். உங்கள் நலமறிய இப்போதைக்கு ஆவலில்லை. போனில் உங்கள் எண்ணைத் தடுத்து வைத்திருப்பதால் தபாலில் எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன் காந்திகிராமத்துக் கருத்தரங்கில், நாற்பது பேர் முன்னால் எழுந்து, "அண்ணே, அது பாறையோட எதிரொலி இல்ல, நீங்க போட்ட கட்டத்தோட சுவரு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ கூடக் குடிக்காமல் பஸ் ஏறினேன்.

நீங்கள் கணக்கு வாத்தியார். நான் டெலிபோன் மெக்கானிக். கணக்கும் புரோகிராமும் தானாகப் படித்தவன். மலைக்கோட்டைப் பாறையில் மோதும் ஒலி எப்படிச் சிதறுகிறது என்று ஐந்து வருடமாகக் கணக்கிடுகிறேன். வெளிக்கு முடிவில்லை, கணினிக்கு உண்டு. ஆகவே கணினிக்குள் பாறையைச் சுற்றி ஒரு சதுரம் வெட்டிக்கொண்டேன், நீங்கள் சொன்ன கட்டம் அதுதான். கணக்கில் கைதட்டினால் ஒன்று புள்ளி இரண்டு வினாடியில் திரும்பும் அந்த அலை பாறைப் பிளவிலிருந்துதான் வருகிறது. அது பொய்யென்றால் என் ஐந்து வருடமும் பொய். நிரூபியுங்கள். இல்லையென்றால் மன்னிப்புக் கேளுங்கள்.

மைதீன் பிச்சை

சிறுமலை
9.2.2025

அன்புள்ள மைதீன் அண்ணனுக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே சந்தோஷம். "அவுக திட்டுறதுக்கா இம்புட்டுச் சிரிப்பு?" என்கிறாள் என் மனைவி ரோசலின்.

சபையில் சொன்னது என் தப்பு. சொன்ன விஷயம் தப்பில்லை. உங்கள் புரோகிராமே அதைச் சொல்லும். சதுரத்தின் பக்கத்தை இரட்டிப்பாக்குங்கள். பாறையின் எதிரொலி என்றால் அதே நேரத்தில் வரும். சதுரத்தின் விளிம்பில் பட்டுத் திரும்பியதென்றால் தாமதமாகும். எட்டு மடங்கு நேரம் ஓடும். பொறுமை வேண்டும், உங்களுக்கு அதுதான் கஷ்டம்.

தம்பி ஞானதாஸ்

பேகம்பூர்
17.2.2025

ஞானதாஸ்,

நீங்கள் சொன்னதற்காகச் செய்யவில்லை. ஆனால் செய்தேன். அலை இரண்டரை வினாடியை ஒட்டித்தான் வந்தது. சுவர்தான். மேலே எதையும் பார்க்காமல் கணினியை அணைத்தேன். வைத்த சோற்றைத் தொடாததைப் பார்த்து, "யாரும் மவுத்தாயிட்டாகளா?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி ரம்ஜான் பீவி.

பிறகு தலையில் அடித்துக்கொண்டேன்! முப்பத்தொரு வருடம் நான் பார்த்த வேலை என்ன? லைன் முனையைச் சும்மா விட்டால் பேச்சு முட்டித் திரும்பும். சரியான மின்தடையை மாட்டினால், லைன் முடிவில்லாமல் போவதாக நினைத்துப் பேச்சு அங்கேயே அடங்கிவிடும். ஊர் லைனுக்கெல்லாம் முனை கட்டிய நான் என் சதுரத்தை அம்போவென்று விட்டிருக்கிறேன்!

விளிம்பைச் சுற்றி, அலையைத் தின்னும் பட்டை ஒன்று வைத்தேன். எடுத்த எடுப்பில் பலமாக வைத்ததில் பட்டையே சுவராகித் திருப்பியடித்தது. இருபது வரிசைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பலத்தைக் கூட்டினேன். சுவர் அலை போயே போய்விட்டது! இன்னும் கேளுங்கள். பெரிய அலை மறைத்திருந்த இடத்தில், ஒன்று புள்ளி ஒன்றில், ஒரு சிற்றலை! சதுரத்தை நாலு வரிசை கூட்டினேன், குறைத்தேன், அது அசையவே இல்லை. பாறையுடையது!

நீங்கள் சொன்னதும் சரி. நான் சொன்னதும் சரி. நீங்கள் கேட்க வேண்டிய மன்னிப்பை மட்டும் நான் தள்ளுபடி செய்யவில்லை.

மைதீன் பிச்சை

சிறுமலை
20.2.2025

அண்ணே,

படித்துவிட்டுக் கத்திவிட்டேன். மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் பயந்துபோனார்கள். மன்னித்துவிடுங்கள், மனசார எழுதுகிறேன்.

ஆனால் ஒன்று. பட்டைக்கு நேராக வரும் அலை சாகும். பட்டையை உரசிச் சாய்ந்து போகும் அலை? அது தப்பித் திரும்புமே? உங்கள் சிற்றலை அதுவாக இருந்தால்? நாலு வரிசை மாற்றத்தில் அது நகர்வது கண்ணுக்குத் தெரியாது.

ஞானதாஸ்

பேகம்பூர்
24.2.2025

தம்பி ஞானதாஸுக்கு,

இல்லை. ஒப்புக்கொள்ள மாட்டேன். சாய்ந்து வரும் அலையையும் தின்னும்படி பட்டையை மாற்றி எழுதிவிட்டேன். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து ஓட்டப்போகிறேன். ஐந்து மணிக்கு விடை வரும். மதிய பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது என்று உங்களுக்கே தெரியும். ரோசலினையும் கூட்டி வாருங்கள்.

திரையை நீங்கள்தான் முதலில் பார்க்க வேண்டும். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பேன். சிற்றலை இருந்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். இல்லையென்றால், அதையும் நீங்களே சொல்லுங்கள்.

அண்ணன்
மைதீன் பிச்சை