கன்னத்தில் ஒரு கோடு

பிப்ரவரி 9

அன்புள்ள தங்கைக்கு,

கன்னத்துக் கட்டியை அகற்றியாயிற்று, பரிசோதனையில் கெடுதலாக ஒன்றுமில்லை, தையலும் பிரித்தாயிற்று. பிறகு எதற்கு நிலைக்கண்ணாடிக்குப் போர்வை? அது என்ன பாவம் செய்தது?

பக்கத்து வீட்டு அம்மாள் தந்த எண்ணெயைக் குப்பையில் போடு. முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவள் சொல்கிறேன். மருத்துவர் கூறியபடி, காயம் உலராமல் வாசலின் களிம்பைத் தடவு, பொருக்கைப் பிய்க்காதே. முழுதும் மூடிய பின், வடு மங்குவதற்குச் சிலிக்கோன் தாள் ஒட்டு. வெயில் கன்னத்தில் படக் கூடாது.

அக்கறையை அதட்டலாக மட்டுமே எழுதத் தெரிந்த,
அக்கா

மார்ச் 2

அன்புள்ள அக்கா,

காது கேளாத குழந்தைகள் என் உதட்டைப் பார்த்துத்தான் பாடம் படிக்கிறார்கள். முகக்கவசம் அணிய முடியாது; பாதி முகத்தைத் திருப்பிக்கொண்டும் பேச முடியாது. பத்தொன்பதாம் தேதி விடுப்பு முடிகிறது. விருப்ப ஓய்வு கேட்டுவிடலாமென்று இருக்கிறேன்.

தாள் போட்டுப் பதினைந்து நாளாகியும் கோடு சிவந்தே இருக்கிறது. அந்தத் தாளும் ஒட்டவே மாட்டேன் என்கிறது. நான்கு பக்கமும் பிளாஸ்திரி போட்டு நிறுத்தியிருக்கிறேன்.

தங்கை

மார்ச் 6

அன்புள்ள தங்கைக்கு,

ஒட்டாத தாளா? பசைப் பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் உறை இருக்குமே, அதை உரித்தாயா?

சிவப்பு சில மாதங்கள் இருக்கத்தான் செய்யும். ஓய்வு விண்ணப்பம் எழுதத் துடிக்கும் கை முதலில் அந்த உறையை உரிக்கட்டும்.

அக்கா

மார்ச் 21

அன்புள்ள அக்கா,

உரிக்கவில்லை. செவிலியரிடம் சொன்னேன். "டீச்சர், மூணு வாரமா கவரையா ஒட்டிட்டு இருந்தீங்க?" என்று அவர் சிரித்து முடிக்கவே ஐந்து நிமிடமாயிற்று.

நேற்று வகுப்புக்குப் போனேன். எங்கள் குழந்தைகள், தாங்கள் பார்க்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு சைகையைப் பெயராக வைப்பார்கள். எனக்கு இதுவரை மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிடும் சைகை. ஒருமுறை வந்துபோன உனக்கு, ஆட்காட்டி விரலை ஆட்டும் சைகை. நேற்று முன்வரிசைக் குறும்புக்காரி என்னை உற்றுப் பார்த்தாள். காதிலிருந்து தாடைவரை விரலால் ஒரு கோடு இழுத்தாள். வகுப்பே இழுத்தது. அடுத்த நிமிடம் ஒருவன் அதே பெயரால் என்னைக் கூப்பிட்டு, பின்னக் கணக்கில் சந்தேகம் கேட்டான். விண்ணப்பத்தைப் பற்றி நினைக்க நேரமே இல்லை.

கண்ணாடியின் போர்வையை மடித்து வைத்துவிட்டேன். கோடு மங்கிவிட்டால் என் பெயர் என்னாவது என்பதுதான் இப்போதைய கவலை.

உரித்து ஒட்டிய,
தங்கை

மார்ச் 25

அன்புள்ள தங்கைக்கு,

பெயருக்காக வடுவைப் பத்திரப்படுத்த வேண்டாம். தாளைத் தொடர்ந்து போடு. அடுத்த மாதம் நேரில் வந்து பார்ப்பேன். அதற்குள் என் பெயரையும் மாற்றச் சொல்.

விரலை ஆட்டியபடி,
அக்கா