காரணம்: சும்மா

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணியெல்லாம் உள்ளே.

சிதம்பரம் ஆபீசில் என்னைப் பற்றிப் பேசுவது தவறு. நான் யாரையும் வேவு பார்க்கவில்லை. யார் எப்போது டீ குடிக்கப் போனார் என்பது எனக்கு வேண்டாத விஷயம். நான் எழுதிய புரோகிராமின் பெயர் ‘நேத்து’. கறுப்புத் திரையில் அந்த ஒரு சொல்லை அடித்தால், கம்பெனி மென்பொருளைச் சேமித்துவைத்திருக்கும் எல்லா ரெப்போக்களிலும் முந்தின நாள் எந்த வரி மாறியது, யார் மாற்றினார், என்ன காரணம் எழுதினார் என்று வரிசையாகக் காட்டும். அவ்வளவுதான். யாரோ எழுதிக் கொடுத்ததும் அல்ல. கணினிப் பிரிவில் ஓய்வு பெற்றவள் நான்.

கம்பெனி கொழுந்தன் சேவியருடையது. மீனவர்களுக்கு வானிலைக் குறுஞ்செய்தி அனுப்பும் மென்பொருள். சிதம்பரத்தில் ரெஜினா பொறுப்பு. மஞ்சக்குப்பத்தில் வீட்டிலிருந்தே சரிபார்ப்பது நான்.

சேவியர் போனில்: “அண்ணி, சிதம்பரத்துல அவுங்க ரொம்ப சங்கடப்படறாங்க. வெள்ளிக்கிழமையோட ‘நேத்து’வ நிறுத்திடலாமா?”

“காரணம்?”

“சும்மா... ஆபீஸ் அமைதியா இருக்கணும்ல.”

ரெஜினாவுக்கு இந்தச் ‘சும்மா’ இவரிடமிருந்துதான் தொற்றியிருக்கிறது.

வாங்க: பி.பி. மாத்திரை, ரவை, கல்லறைக்கு மெழுகுவர்த்தி.

நவ. 12, புதன்

புழுக்கம். பூசை முடிந்து காபி. ‘நேத்து’ ஓட்டினேன். ரெஜினாவின் கமிட்டுகள், அதாவது அவள் செய்து சேமித்த மாற்றங்கள். காரணம்: சும்மா. அடுத்தது, சும்மா. அதற்கடுத்தது, சும்மா 2. எங்கள் கான்வென்டில் இதற்கு முட்டி போட வைப்பார்கள்.

கடைசிக் கமிட்டில் கை நின்றது. செய்தி எழுபது எழுத்தைத் தாண்டினால் மிச்சத்தை வெட்டிவிடு என்று ஒரு வரி. கணினிக்குப் புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனி எழுத்து. இன்று மாலை போகவேண்டிய செய்தியை விரல் வைத்து எண்ணினேன்: “பிச்சாவரம் பகுதி மீனவர்கள் பலத்த காற்று காரணமாக நாளை கடலுக்குச் செல்ல வேண்டாம்.” வெட்டினால் “நாளை கடலுக்குச் செல்ல” என்று நிற்கிறது. போகவேண்டாம் என்ற செய்தி, போகச் சொல்வதுபோல் போய்ச் சேரும்.

உடனே ரெஜினாவுக்குப் போன்.

“டெஸ்ட் பண்ணேன் ஆன்ட்டி, நல்லாதான ஓடுச்சு?”

“எந்த பாஷையில?”

“...இங்கிலீஷ்ல.”

ஆங்கிலத்தில் ‘டூ நாட்’ முதலிலேயே வந்துவிடும். நமக்குக் கடைசிச் சொல்லில்தான் எல்லாம்.

“ஐயோ மாதாவே! எங்க மச்சான் அங்கதான் போட்டுல போறாரு.”

“அதான். சும்மான்னு எழுதாத, ஏன்னு எழுது. எழுதியிருந்தா உனக்கே தோணியிருக்கும்.”

“செய்றேன். ஆனா ஆன்ட்டி, தெனம் போன் போட்டு ஏன் ஏன்னா, ஆபீசுலயும் ஒரு மாமியாரு இருக்கற மாரி இருக்குது.”

என் வீட்டுக்காரர் இருந்தவரை அவரும் இதையேதான் சொல்வார்: உன் ‘ஏன்’ஐ என்னாலேயே தாங்க முடியல.

மாலைச் செய்தி ‘வேண்டாம்’ உட்பட முழுதாகப் போனது.

நவ. 13, வியாழன்

காற்று பலம். முருங்கைக் கிளை ஒன்று காம்பவுண்ட் மேல்.

ரெஜினாவின் கமிட். காரணம்: “தமிழில் மறுப்பு கடைசியில் வருவதால் வெட்டக் கூடாது. நீளமான செய்தி இரண்டாகப் பிரித்து அனுப்பப்படும்.” ஒற்றுப் பிழைகூட இல்லை. அவள் மச்சான் இன்று வீட்டில், கேரம் ஆடுகிறாராம்.

நானும் ‘நேத்து’வில் ஒன்று மாற்றினேன். இனி காரணம் முதலில் வரும், ஆள் பெயர் கடைசியில். மாமியார் பேச்சுக்காக அல்ல. அதுதான் சரியான வரிசை.

ரவை மறந்துவிட்டது.

நவ. 14, வெள்ளி

வெயில். சேவியரைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். “அப்படியா அண்ணி! சரி, பாக்கலாம்.” பாக்கலாம் என்றால் உண்டா, இல்லையா?

மெயில் அனுப்பினேன். நகல்:

சேவியர், இன்றோடு ‘நேத்து’ நிற்கிறதா, தொடர்கிறதா? ‘பார்க்கலாம்’ வேண்டாம். காரணத்தோடு, எழுத்தில் பதில் தரவும்.