பலாப்பால் கறை

அன்புள்ள உம்மாவுக்கு, ஸலாம். முழங்கால் வலி குறைந்ததா? கொல்லிமலை அடிவாரத்தில் நான் நலம்.

வெள்ளிக்கிழமை நான் தொழவைக்கும் பள்ளிவாசலில் ஒன்று நடந்தது. சந்தையில் பலாப்பழச் சுமை தூக்கும் ஜெய்லானி, பலாப்பால் கறைபட்ட சட்டையோடு முன்வரிசையில் நின்றார். அவரைப் பின்னால் அனுப்பி, அத்தர் மணக்க வந்த வியாபாரியை அங்கே நிறுத்தினேன். அல்லாஹ் உள்ளத்தைத்தான் பார்க்கிறான் என்று சற்று முன்புதான் பிரசங்கத்தில் பேசியிருந்தேன்.

தொழுகை முடிந்ததும் ஜெய்லானி வாசலில் காத்திருந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"ஹஜ்ரத், என்னால உங்க தொழுகை கெட்டுப்போச்சுங்களா? மன்னிச்சுக்குங்க."

கூசிப்போனேன் உம்மா. அவர் கையைப் பிடித்து, "தப்பு என்னோடது, நீங்கதான் மன்னிக்கணும்" என்றேன்.

"அட, உடுங்க ஹஜ்ரத். சாப்பிட்டீங்களா?"

இங்கே வந்ததிலிருந்து அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

கம்பளி ஒன்று அனுப்புங்கள். எனக்காக துஆ செய்யுங்கள். பாங்கு சொல்ல நேரமாகிவிட்டது.

மகன்,
முபாரக்