பிள்ளை உள்ளவர்

ஏப்ரல் 11

மாநகராட்சியின் வெயில்காலத் திட்டத்தில் என் பங்குக்கு வந்தது ஒரு தொலைபேசியும் நாற்பத்திரண்டு பெயர்களும். எல்லோரும் தனியாக வாழும் முதியவர்கள். சிவப்பு எச்சரிக்கை வரும் நாட்களில் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, தண்ணீர் குடித்தாரா, தலை சுற்றுகிறதா என்று கேட்க வேண்டும். எடுக்காவிட்டால் நர்ஸை வண்டியில் அனுப்ப வேண்டும்.

ஊரிலேயே பிள்ளை இருந்தால் பட்டியலில் இடமில்லை. பிள்ளை பார்த்துக்கொள்ளுமாம். அதனால் அப்பா பெயர் இல்லை. நான் இருக்கிறேனே.

ஏப்ரல் 19

அப்பா வீட்டுக்குப் போனேன். நாலாவது மாடி, அதற்கு மேல் மொட்டை மாடிதான். சுவரில் கை வைக்க முடியவில்லை. எங்களோடு வந்து இருக்கச் சொன்னேன். மருமகன் வீட்டில் ஒண்டிக் கிடக்க மாட்டாராம். பேச்சு முற்றியது. எக்கேடோ கெட்டுப் போங்கன்னு சொல்லிட்டு இறங்கி வந்துட்டேன்.

சொல்லியிருக்க வேண்டாம்.

ஏப்ரல் 27

முதல் சிவப்பு. முப்பத்தொன்பது பேர் எடுத்தார்கள். மூவருக்கு வண்டி போனது, மூவரும் நலம். தையற்கார அம்மா ஒருவர் தன் முழங்காலின் வரலாற்றையே சொன்னார். பத்து நிமிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

அப்பாவைக் கூப்பிடவில்லை. அவரே முதலில் பேசட்டுமே.

மே 4

எட்டாம் நாளாகச் சிவப்பு. அப்பாவின் எண்ணை எடுத்தேன். வைத்துவிட்டேன்.

மே 6

காலையில் அப்பாவின் கீழ்வீட்டு மெக்கானிக் கூப்பிட்டார். "ரெண்டு நாளா பால் பாக்கெட் வாசல்லயே கெடந்துச்சும்மா. கதவை ஒடச்சுத்தான் உள்ள போனோம். நீங்க வாங்க" என்றார்.

மே 8

மின்விசிறி ஓடிக்கொண்டுதான் இருந்ததாம். அந்தச் சூட்டில் அது அனல்காற்றைத்தான் வீசியிருக்கும் என்றார் டாக்டர்.

நாப்பத்திரெண்டு பேர்கிட்ட தினமும் தண்ணி குடிச்சீங்களான்னு கேட்டேனே — ஒருத்தர்கிட்ட கேக்கலையே.

மே 21

பிள்ளை உள்ளவர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்தேன். என் முகத்தைப் பார்த்தார். "சேத்துக்கலாம்மா. ஆனா கூட ஆள் கேக்காதீங்க. இருக்கறது நீங்க ஒருத்தர்தான்."

ஜூன் 2

மறுபடியும் சிவப்பு. இன்று நூற்றுப் பதினெட்டு பேர். மதியத்துக்குள் முடித்தாக வேண்டும். ஆளுக்கு இரண்டு நிமிடம்கூடத் தேறவில்லை. தண்ணீர், தலைசுற்றல், சரி, அடுத்தவர். ஒருவர் விடாமல் கூப்பிட்டேன்.

புதிதாகச் சேர்ந்த ஒரு பெரியவர், "எம் பொண்ணு எங்கூடப் பேசி..." என்று ஆரம்பித்தார்.

நாளைக்குச் சொல்லுங்கள் என்று வைத்துவிட்டேன்.