மூன்றாவது பல்

மார்ச் 3
இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது: இன்று மாலை எங்கள் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு ராஜவம்சத்தைத் தோற்றுவித்தேன். ஆயுதம், காம்பஸ் முனை. ஒரே இழுப்பு!

அக்காவுக்கு அருங்காட்சியகத்தில் தற்காலிக வேலை. நடு ஆசியாவின் பழைய வெண்கலக் காசுகளை இனம் காண வேண்டும். கொண்டுவரக் கூடாது என்றாலும் வீட்டுக்குக் கொண்டுவருவாள். எங்கள் வீட்டில் காசில்லை என்று யார் சொன்னது? ஆனால் இவற்றைப் பற்றிப் புத்தகங்களில் அரைப் பக்கம்கூட இல்லை. ராஜா பெயரெல்லாம் தேய்ந்துபோச்சு. பின்பக்கச் சின்னத்தை வைத்துத்தான் யார் காசு என்று சொல்ல முடியும். இந்தக் காசில் இருந்தது முள்கரண்டி மாதிரி இரண்டு பல் உள்ள கவை. மூன்றாவது பல்லை நான் கட்டிவிட்டேன். கீறல் செம்பாகப் பளபளத்தது. பச்சை கிரேயானைத் தேய்த்துத் தூசியைத் தூவினேன். பழைய செம்பில் படியும் அசல் களிம்பேதான். கலைஞன்டா நான்!

மார்ச் 4
ராத்திரி விளக்கடியில் லென்ஸோடு அக்கா குதித்தாள். "டேய் எருமை, மூணு பல்லுடா! எங்கயுமே பதிவாகல. புது ராஜா! இனிமே என்னை நிரந்தரமாக்காம எப்படி இருப்பாங்க?"
"ஞானப்பல் முளைச்சிருக்கும்க்கா."
விழுந்து விழுந்து சிரித்தாள். காலையில் சொல்லிக்கொள்ளலாம் என்று படுத்துவிட்டேன்.

மார்ச் 5
எழுந்தபோது அவள் போயாச்சு. அறிக்கையும் கொடுத்தாச்சாம்.

மார்ச் 9
ஜோக் எதுவும் வரவில்லை.

மார்ச் 11
நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார்களாம். கீறலுக்குள் கிரேயான் மெழுகு.
மேலதிகாரி கேட்டாராம்: "கீறலைக் கை தவறினதுன்னு விட்டுடலாம்மா. பூசி மறைச்சிருக்கியே, அதுக்கு என்ன பேரு?"
நாளையிலிருந்து வர வேண்டாமாம். இனி எந்த அருங்காட்சியகம் அவளைக் காசு தொட விடும்?

மார்ச் 12
சொல்லிவிட்டேன்.
"மெழுகுன்னதுமே தெரிஞ்சுபோச்சு. அந்தப் பச்சை உன் டப்பாவுலதானே இருக்கு."
"அப்புறம் ஏன்க்கா என்னைச் சொல்லல?"
"காசு வீட்டுக்கு எப்படி வந்துச்சுன்னு கேப்பாங்கல்ல? அது என் தப்பு. உன்னையும் எதுக்கு இழுக்கணும்?"
லென்ஸைத் துடைத்து உறையில் போட்டாள். எருமை என்றுகூடத் திட்டவில்லை.

முதல் நாள் எழுதியதில் ஒரு திருத்தம். வம்சமாவது கிம்சமாவது. கவைக்குள் அடைந்திருந்த மண்ணைச் சுரண்டி, அக்கா கண்ணுக்குப் படாத எதையாவது கண்டுபிடித்து அவளிடம் காட்டலாம் என்று நினைத்தேன். கை வழுக்கிவிட்டது. பயந்துபோய்த்தான் பச்சை பூசினேன்.