நாலாம் நம்பரை அழிப்பதற்கு முன்

அனுப்புநர்:
லாரி மாமா (ஓய்வு பெற்ற ஓட்டுநர்),
நூலகத்தின் பின்தெரு, மாடி வீடு.

பெறுநர்:
நூலக அலுவலர் அவர்கள்,
பொது நூலகம்.

பொருள்: நாலாம் நம்பர் கணினியில் புது சிஸ்டம் ஏறாமல் நிற்பதும், திங்களன்று அதை அழிக்கவிருப்பதும் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

இது இப்படித்தான் ஆகும் என்று நான் முன்பே சொன்னேன். வேலை தொடங்கிய அன்றே வாட்ச்மேனிடம், "பழைய வண்டிக்குப் புது இன்ஜின் வைக்கிறாங்க, பாதி ஏத்தத்துல நிக்கும் பாருங்க" என்றேன். நின்றுவிட்டது. வாட்ச்மேன் சாட்சி.

1. ஒரே வயரில் கோத்த கணினிகளில் மற்றவை முக்கி முனகிப் புது சிஸ்டத்தை ஏற்றுக்கொண்டன. நாலாம் நம்பர் மட்டும் பாதிவரை போய், மனம் மாறிப் பழைய சிஸ்டத்துக்கே திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்கு இப்போது நெட்டும் கிடையாது.

2. சரிபார்க்க வந்த தம்பி, "நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்ல, அதான்" என்றார். மலைப்பாதையெல்லாம் லோடு ஏற்றிப் போனவன், யானை வழிவிட்ட வண்டி என்னுடையது. உடனே எழுந்து நின்றேன். அறையே சிரித்தது. "மாமா, உட்காருங்க. இது வேற டிரைவர், கார்டை ஓட்டுற புரோகிராம்." வேறாகவே இருக்கட்டும். இரண்டில் எது இல்லாவிட்டாலும் வண்டி நகராது என்பது சரிதானே?

3. அந்தத் தம்பி பக்கத்துக் கணினியிலிருந்து நாலாம் நம்பருக்கு 'பிங்' என்று ஒன்றை அனுப்பிப் பார்த்தார். அது "இருக்கியா?" என்று கேட்பதாம். பதில் இல்லை. செத்துவிட்டதா என்று கேட்டேன். "இல்ல மாமா, பதில் வரலன்னா ஆள் இல்லன்னு அர்த்தமில்ல. வழிதான் அடைஞ்சிருக்கு." அன்று வீட்டுக்குப் போன பிறகும் இந்தப் பேச்சு என்னை விடவில்லை.

4. என் ஒரே மகள் வெளிநாட்டில் பெரிய உத்தியோகத்தில் இருக்கிறாள். ஞாயிறுதோறும் அந்த நாலாம் நம்பரில்தான் முகம் காட்டிப் பேசுவாள். அவள் குரல் கேட்டால் பேப்பர் படிப்பவர்களும் எழுந்து வந்துவிடுவார்கள். அவளோடு பேச எனக்குக் கணக்கு திறந்து கொடுத்த பழைய நூலகர் மாற்றலாகிப் போய்விட்டார். கடவுச்சொல்லும் அவரோடு போயிற்று; கணக்கு நாலாம் நம்பரில் மட்டும்தான் திறந்தபடியே இருக்கிறது. மகளின் படம் இன்னும் அந்தத் திரை ஓரத்தில் இருக்கிறது, நிறம் வெளுத்து. நெட் வந்தால், அவள் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரியும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஏற்றினால் புது சிஸ்டம் ஏறிவிடும் என்கிறார்கள். ஏறும். படம் போய்விடும்.

ஆகவே, புது சிஸ்டமே வேண்டாம், பழையதற்குரிய டிரைவரைத் தேடிப் போட்டு நாலாம் நம்பரை ஒரே ஒரு ஞாயிறாவது வயரில் மாட்டிவைக்க உத்தரவிடும்படி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிறகு தங்கள் விருப்பம்.

இடம்: கணினி அறை வாசல் பெஞ்சு
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
லாரி மாமா

பின்குறிப்பு: யானை விஷயத்தைத் தாங்கள் விசாரித்துக்கொள்ளலாம். 'ஞாயிறுதோறும்' என்று நாலாவது பத்தியில் எழுதியது மட்டும் நானாகச் சேர்த்தது. மகள் கூப்பிட்டது ஒரே ஒரு முறை. "அப்பா, இங்கயே இருங்க, மறுபடி கூப்பிடுறேன்" என்றாள். ஞாயிறுதோறும் அங்கே உட்கார்ந்திருந்தது நான்.