மாத்திரையை நிறுத்திய மாதங்கள்

2024 நவம்பர் 5, செவ்வாய்
பள்ளிக்கூடத்தில் வாந்தி. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போட வேண்டிய மாத்திரையைப் பாலும் பழமுமாகக் கிடந்து போட்டால் வேறென்ன ஆகும்? சஷ்டி விரதம் இருந்தே ஆகவேண்டும் என்று சொர்ணம் அத்தைக்குப் பிடிவாதம். கல்யாணமாகி ஐந்து வருடம், பிள்ளை இல்லை. மாட்டேன் என்று மாமியாரிடம் சொல்ல எனக்கு வாய் ஏது? 'ரத்தசோகை மாத்திரை' என்றுதான் அவளிடம் சொல்லி வைத்திருக்கிறோம். ரத்தப் புற்று என்பது எனக்கும் என் புருஷன் எழிலுக்கும் மட்டும் தெரியும்.

நவம்பர் 6
காலையில் கொல்லையில் நான் வாந்தி எடுத்ததை அத்தை பார்த்துவிட்டாள். மசக்கை என்று முடிவே கட்டிவிட்டாள்! கடப்பாக்கம் கரையில் மீன் ஏலம் எடுக்கப் போன இடத்தில் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் செய்யூரில் வகுப்பு முடித்துவிட்டு பஸ்ஸில் வந்து இறங்கினால் வீட்டில் பக்கத்துவீட்டு சரோஜா அக்கா, கையில் மாங்காய் ஊறுகாய். "முருகன் கண்ணத் தொறந்துட்டான்டி யோகேஸ்வரி. புளிப்பா இன்னா வோணும், சொல்லு" என்றாள் அத்தை. அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. என்னத்தைச் சொல்ல?

நவம்பர் 9
தூரமாகிவிட்டேன். அத்தை ஊறுகாய்ப் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

நவம்பர் 20
பிளஸ் டூவுக்குச் செல்கள் ஒன்றுக்கொன்று அனுப்பும் சேதிகளைப் பற்றிப் பாடம். வளர், நில், செத்துப் போ — எல்லாமே சேதிதான். கருவில் கை முதலில் துடுப்பு மாதிரி இருக்கும். நடுவே இருக்கிற செல்களுக்குச் சாகச் சொல்லிச் சேதி போகும், அவை செத்த பிறகுதான் விரல் பிரியும் என்றேன். பிள்ளைகள் எல்லாம் கையை விரித்துப் பார்த்துக்கொண்டார்கள். சேதி தப்பினால் நோய் என்றேன்.

என் ரத்தத்தில் தப்பியிருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொண்டதில், 'வளர்' என்கிற சுவிட்ச் அணையவே மாட்டேன் என்கிறது. மாத்திரைதான் அதை அடக்குகிறது. இதையே யாரோ ஒரு நோயாளியின் கதையாக வகுப்பில் சொன்னேன்.

"மிஸ், அந்த மாத்திர நல்ல சேதியையும் நிறுத்திடாதா?" என்று கேட்டாள் திவ்யா.

நிறுத்தும். வயிற்றுப் பிள்ளைக்கு எலும்பும் உறுப்பும் உருவாக அந்த மாதிரி சுவிட்சுகள் வேண்டும். அதனால்தான் இந்த மாத்திரையோடு கர்ப்பம் கூடாது. அவளுக்கு இவ்வளவும் சொன்னேன். மீதி நாளைக்கு என்று உட்கார்ந்துவிட்டேன்.

2025 ஜனவரி 8
செங்கல்பட்டு ஆஸ்பத்திரி. இரண்டு வருடத்துக்கு மேலாக நோயின் தடயமே இல்லை, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம் என்றார் டாக்டரம்மா. மருந்து உடம்பை விட்டுப் போனதும் குழந்தைக்கு முயலலாம். மாதாமாதம் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். "பாதிப் பேருக்குத் திரும்பி வந்துடும்மா. வந்தா மறுபடியும் மாத்திரைதான். யோசிச்சுச் சொல்லுங்க."

பஸ்ஸில் எழில், "உனுக்கு இன்னா தோணுதோ அத்தச் செய். எனுக்கு நீ நல்லா இருந்தா சரி" என்றான். நல்லவன் மாதிரி பேசி, முடிவை என் தலையில் கட்டிவிட்டான்.

நிறுத்துகிறேன்.

பிப்ரவரி 12
தடயம் இல்லை. ஆனால் மூட்டெல்லாம் வலி. மருந்தை நிறுத்தினால் சிலருக்கு இப்படி வருமாம். போட்டாலும் பாடு, விட்டாலும் பாடு.

மார்ச் 14
தடயம் இல்லை. குழந்தையும் இல்லை.

ஏப்ரல் 16
மிகச் சின்னதாக ஏதோ தெரிகிறதாம். கவலைப்படாதீர்கள் என்றார்கள். பட்டுக்கொண்டிருக்கிறேன்.

மே 20
எழில் மாமல்லபுரம் கூட்டிக்கொண்டு போனான். சரியான வெயில், சிற்பம் எதையும் பார்க்கவில்லை, நுங்கு வாங்கித் தின்றுவிட்டு நிழலில் கிடந்தோம். விசேஷம் உண்டா என்று கேட்க அங்கே ஒரு ஆள் இல்லை. அங்கேயே இருந்துவிடலாம் போலிருந்தது.

ஜூன் 11
வந்துவிட்டது. அளவைத் தாண்டிவிட்டது.

இத்தன மாசத்துல ஒரு மாசம் — ஒரே ஒரு மாசம் வயித்துல நின்னிருக்கக் கூடாதா? நான் யார் குடியக் கெடுத்தேன்?

மாத்திரை மறுபடி அடக்கிவிடும், உயிருக்குப் பயமில்லை என்கிறார் டாக்டரம்மா. சில வருடம் கழித்து இன்னொரு முறை நிறுத்திப் பார்க்கலாமாம். எனக்கு இப்போதே முப்பத்தாறு. இரவுச் சோற்றுக்குப் பின் போட்டுக்கொண்டேன்.

ஜூன் 14
ஆடிக் கிருத்திகைக்குக் காவடி நேர்ந்துக்கோ என்று அத்தை ஆரம்பித்தாள். என்னால் முடியவில்லை. புற்று, மாத்திரை, சஷ்டியில் எடுத்த வாந்தி, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மீன் ஆய்ந்துகொண்டிருந்தவள் கை அப்படியே நின்றது.

"அந்த மாத்தரயத் துன்றவளப் போயி பட்டினி போட்டேனே." பிறகு கத்தினாள்: "என்னாண்ட சொன்னா இன்னாடி? நான் இன்னா பேயா, பிசாசா?"

அழுகையா கோபமா, தெரியவில்லை. ராத்திரி சாப்பிட வரவில்லை.

ஜூன் 29, ஞாயிறு
அத்தைக்குக் கூடை தூக்க ஆளில்லை. கரைக்கு நானும் போனேன். ஏலத்துக்கு நின்ற கூட்டத்தில், எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சரோஜா அக்கா கேட்டாள்: "இன்னா யோகேஸ்வரி, இன்னும் ஒண்ணும் இல்லியா?"

நான் வாயைத் திறக்குமுன் அத்தை திரும்பினாள். "புள்ள வாணாம்னு நாந்தான் சொல்லிகீறேன். இனிமே எவளாச்சும் கேக்கணும்னா என்னாண்ட வந்து கேளு."

அத்தை என்னைப் பார்க்கக்கூட இல்லை. குனிந்து ஒரு சங்கரா மீனின் செவுளைப் பிரித்துப் பார்த்து, விலை கேட்டுக்கொண்டிருந்தாள்.